மெய் அட்டவணை இருக்கும்போது நிறைவுறுதன்மை ஏன் கடினம்?

பிப்ரவரி 3, காலை (வாசகர் கேள்வி)

தனிநிலைக் கணிதத்தில் கூற்றுத் தர்க்கம் படித்து வருகிறேன். ஒரு கூட்டுக் கூற்றிலுள்ள மாறிகளுக்கு மெய், பொய் என்று ஏதேனும் ஒரு விதமாக மதிப்பளித்து அக்கூற்றை மெய்யாக்க முடியுமானால் அது நிறைவுறும் கூற்று என்று பாடம் சொல்கிறது. மாறிகளின் எல்லா மதிப்புச் சேர்க்கைகளையும் நிரைக்கு ஒன்றாக அடுக்கும் மெய் அட்டவணையை எழுதிக் கடைசி நிரலில் ஒரு மெய்யாவது வருகிறதா என்று பார்த்தால் விடை கிடைத்துவிடுகிறது. வழி இவ்வளவு தெளிவாக இருக்க, இதைக் கணினியியலின் மிகக் கடினமான சிக்கல்களுள் ஒன்று என்று ஏன் எழுதுகிறார்கள்? அட்டவணை நீண்டுபோகும் என்பதைத் தவிர வேறு காரணம் உண்டா?

பிப்ரவரி 3, மாலை

நீளத்தை முதலில் பார்த்துவிடுவோம்; அதைப் பலரும் குறைத்தே எண்ணுகிறார்கள். மாறிகள் பத்து என்றால் 1,024 நிரைகள், இருபது என்றால் 10,48,576 நிரைகள். இதுவரை கணினிக்குச் சிரமம் இல்லை. மாறிகள் அறுபது ஆகும்போது, நொடிக்கு நூறு கோடி நிரைகளைச் சரிபார்க்கும் கணினிக்கும் சுமார் 36 ஆண்டுகள் தேவைப்படும். நூறு மாறிகளுக்கு அதே கணினி எடுத்துக்கொள்ளும் காலம் பேரண்டத்தின் வயதைப்போல் ஏறத்தாழ 2,900 மடங்கு. கணினியின் வேகத்தை இருமடங்காக்கினால் கூடுதலாக ஒரே ஒரு மாறியைக் கையாளலாம், அவ்வளவுதான்.

ஆயினும் கடினத்துக்கு இந்த நீளம் மட்டுமே காரணம் என்று நின்றுவிடக் கூடாது. நூறு எண்களை அடுக்கக்கூடிய வரிசைகளின் எண்ணிக்கை, நூறு மாறிகளின் மெய் அட்டவணையிலுள்ள நிரைகளைவிடப் பன்மடங்கு பெரிது. ஆனால் அந்த எண்களை ஏறுவரிசையில் அடுக்க எந்தக் கணினியும் திணறுவதில்லை. எல்லா வரிசைகளையும் சோதிக்காமலேயே சரியான வரிசையை அடையும் வழி நம்மிடம் இருப்பதே அதற்குக் காரணம். ஆகவே தேட வேண்டிய பரப்பு பெரிது என்பதால் மட்டும் ஒரு சிக்கல் கடினமாகிவிடாது. மெய் அட்டவணை நிறைவுறுதன்மைக்கு வரையறை தருகிறது. அதையே வழிமுறையாகவும் கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. அட்டவணையைத் தொடாமல் விடை காணும் குறுக்குவழி எல்லாக் கூற்றுகளுக்கும் உண்டா என்பதுதான் உண்மையான கேள்வி. சில வடிவங்களுக்கு உண்டு என்பது தெரியும். எல்லாவற்றுக்கும் உண்டா என்பது இன்றுவரை தீரவில்லை.

பிப்ரவரி 3, இரவு

இப்பாடத்தைக் கற்பித்த காலத்தில் விடைத்தாள்களில் திரும்பத் திரும்பக் கண்ட ஒரு குழப்பத்தை இங்கேயே களைந்துவிடுகிறேன். நிறைவுறும் கூற்றும் மெய்மமும் ஒன்றல்ல. மெய்மம் எல்லா நிரைகளிலும் மெய்யாகும். நிறைவுறும் கூற்றுக்கு ஒரு நிரை போதும். ஒரு நிரையிலும் மெய்யாகாதது முரண்பாடு. ஒரு கூற்று மெய்மமா என்று அறிய அதன் மறுப்பு நிறைவுறுமா என்று கேட்டாலே போதும்: மறுப்பு நிறைவுறாது என்றால் மூலக்கூற்று மெய்மம். எனவே நிறைவுறுதன்மைக்கு நல்ல வழி ஒன்று கிடைத்தால், மெய்மச் சோதனைக்கும் இரு கூற்றுகளின் சமானத்தைச் சோதிப்பதற்கும் அதே வழி உதவும்.

இந்த உறவில் ஒரு சமச்சீரின்மை ஒளிந்திருக்கிறது. நிறைவுறும் என்று ஒருவர் சொன்னால், மதிப்புகளைக் காட்டும்படி கேட்கலாம். அவற்றைப் பதிலிட்டுச் சில நொடிகளில் சரிபார்க்கலாம். நிறைவுறாது என்று சொன்னால் அவரிடம் எதைக் காட்டும்படி கேட்பது? இந்த இழையில் நான் எழுதப்போகும் பலவும் இந்தக் கேள்விக்கே திரும்பி வரும்.

பிப்ரவரி 4

முதலில் எளிதான வடிவம் ஒன்றைக் கையால் தீர்த்துப் பார்ப்போம். க, ச, ட, த, ப என ஐந்து மாறிகள். கூற்று இது (¬ என்பது மறுப்பு, ∧ என்பது இணையல், அதாவது ‘மற்றும்’, ∨ என்பது பிரிப்பிணைவு, அதாவது ‘அல்லது’):

(க) ∧ (¬க ∨ ச) ∧ (¬க ∨ ட) ∧ (¬ச ∨ ¬ட ∨ த) ∧ (¬த ∨ ¬ச ∨ ப)

மாறிகளையோ அவற்றின் மறுப்புகளையோ பிரிப்பிணைவால் கோத்த சிறு கூற்றுகள் இங்கே இணையலால் சேர்ந்திருக்கின்றன. அடைப்புக்குள் இருக்கும் ஒவ்வொன்றையும் உட்கூற்று என்று அழைக்கிறேன். முழு வடிவத்துக்கு இணையல் இயல்வடிவம் என்று பெயர். அட்டவணை எழுதினால் 32 நிரைகள் வரும், ஆனால் நாம் ஒரு நிரையும் எழுத வேண்டியதில்லை. முதல் உட்கூற்றில் க மட்டுமே இருப்பதால் க மெய்யாகியே தீர வேண்டும். க மெய்யானதும் ¬க பொய்யாகிறது. எனவே இரண்டாவது உட்கூற்று ச மெய் என்றும் மூன்றாவது ட மெய் என்றும் வற்புறுத்துகின்றன. அவை இரண்டும் சேர்ந்து த மெய் என்கின்றன, த மெய்யானால் ப மெய். விடை வந்துவிட்டது, எங்கும் ஊகிக்க நேரவில்லை.

இப்போது (¬ப ∨ ¬ட) என்று ஓர் உட்கூற்றைக் கூடுதலாகச் சேர்த்துப் பாருங்கள். அதே சங்கிலி ப, ட இரண்டையும் மெய்யாக்கிய பிறகு இந்த உட்கூற்று பொய்யாகிவிடுகிறது. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் கட்டாயமாக வந்தது என்பதால், கூற்று நிறைவுறாது என்பதற்கு அச்சங்கிலியே சான்று. நேற்று எழுப்பிய கேள்விக்கு இந்த வடிவத்தில் அழகான பதில் இருக்கிறது: இல்லை என்பதற்கும் குறுகிய சான்று கிடைக்கிறது.

ஒவ்வோர் உட்கூற்றிலும் மறுப்பில்லாத மாறி அதிகபட்சம் ஒன்றே இருக்கும் இத்தகைய கூற்றுகளுக்கு ஹார்ன் கூற்றுகள் என்று பெயர். கூற்றின் நீளத்துக்கு நேர்விகிதமான நேரத்தில் இவற்றைத் தீர்க்கலாம் என்று டவுலிங், கேலியர் இருவரும் 1984 இல் காட்டினர்.

பிப்ரவரி 5, காலை

வேறொரு வாசகர் தனிமடலில் நல்ல யோசனை ஒன்று சொன்னார். இணையல்களைப் பிரிப்பிணைவால் கோத்த வடிவத்துக்குக் கூற்றை மாற்றிவிட்டால், ஒரே ஒரு இணையலில் மாறியும் அதன் மறுப்பும் சேர்ந்து வராமல் இருப்பதே நிறைவுறுதன்மைக்குப் போதும். அதை ஒரு பார்வையில் சொல்லிவிடலாமே என்கிறார். அவ்வடிவத்தில் சிக்கல் அற்பமானது என்பது உண்மை. கடினம் முழுவதும் அந்த மாற்றத்துக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. (க₁ ∨ ச₁) ∧ (க₂ ∨ ச₂) ∧ … என்று முப்பது உட்கூற்றுகள் உள்ள கூற்றைப் பங்கீட்டு விதியால் விரித்தால், ஒவ்வோர் அடைப்பிலிருந்தும் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் எல்லா வழிகளும் தனித்தனி இணையல்களாக வந்து நிற்கும். அவை நூறு கோடிக்கும் மேல். விடையைப் படிப்பது எளிது, எழுதி முடிப்பதுதான் நடவாது.

எதிர்த்திசையில், எந்தக் கூற்றையும் இணையல் இயல்வடிவத்துக்குக் கொண்டுவருவதிலும் இதே வீக்கம் நேரலாம். அதற்கு ட்சைட்டின் 1968 இல் ஒரு வழி தந்தார். உள்ளே அடங்கிய ஒவ்வொரு பகுதிக் கூற்றுக்கும் புதிய மாறி ஒன்றைப் பெயராக வைத்து, பெயரும் பகுதியும் சமம் என்பதைச் சில சிறு உட்கூற்றுகளால் எழுதிவிட வேண்டும். கூற்றின் நீளம் ஒரு மாறிலி மடங்கே கூடும். புதிய கூற்று பழையதற்குச் சமானம் ஆகாது. ஒன்று நிறைவுற்றால் மற்றதும் நிறைவுறும் என்ற உறுதி மட்டும் உண்டு. நமக்குத் தேவையானதும் அதுவே.

பிப்ரவரி 5, இரவு

எளிமைக்கும் கடினத்துக்கும் இடையே எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பதை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இப்பாடத்தில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இது.

உட்கூற்று ஒவ்வொன்றிலும் இரண்டே உறுப்புகள் இருந்தால் சிக்கல் எளிது. (க ∨ ச) என்பதை ¬க → ச என்றும் ¬ச → க என்றும் இரு நிபந்தனைக் கூற்றுகளாக வாசிக்கலாம். எல்லா உட்கூற்றுகளையும் இப்படி அம்புகளாக வரைந்தால் ஒரு கோட்டுரு கிடைக்கும். பின்வரும் கூற்றை எடுத்துக்கொள்ளுங்கள்:

(க ∨ ச) ∧ (¬க ∨ ச) ∧ (¬ச ∨ ட) ∧ (¬ச ∨ ¬ட)

ச இலிருந்து ட க்கு ஓர் அம்பு. நான்காவது உட்கூற்று ட இலிருந்து ¬ச க்கு ஓர் அம்பைத் தருகிறது. ¬ச இலிருந்து க, க இலிருந்து மீண்டும் ச. அதாவது ச மெய் என்றால் பொய்யாக வேண்டும், பொய் என்றால் மெய்யாக வேண்டும். ஒரு மாறியும் அதன் மறுப்பும் ஒரே சுற்றுக்குள் அகப்பட்டால் கூற்று நிறைவுறாது. எந்த மாறியும் அப்படி அகப்படாவிட்டால் கட்டாயம் நிறைவுறும். இச்சோதனையை நேர்விகித நேரத்தில் செய்யும் முறையை ஆஸ்ப்வால், பிளாஸ், டார்ஜன் மூவரும் 1979 இல் வெளியிட்டனர்.

உறுப்புகள் மூன்றானதும் நிலைமை அடியோடு மாறுகிறது. (க ∨ ச ∨ ட) என்பதை அம்பாக எழுதினால் ¬க → (ச ∨ ட) என்று வருகிறது. அம்பின் முனையில் ஒரு முடிவுக்குப் பதிலாக ஒரு தெரிவு நிற்கிறது. தெரிவு வந்த இடத்தில் கிளை பிரிகிறது, கிளைகள் பெருகுகின்றன. ஸ்டீஃபன் குக் 1971 இல் நிறுவிய தேற்றம் இந்தக் கடினத்துக்குத் துல்லியமான பொருள் கொடுத்தது: விடையை விரைவாகச் சரிபார்க்கக்கூடிய எந்தச் சிக்கலையும் நிறைவுறுதன்மைச் சிக்கலாக விரைவில் மாற்றிவிடலாம். லியோனிட் லெவின் தனியாகவே இத்தகைய முடிவை அடைந்து 1973 இல் வெளியிட்டார். இடையில் 1972 இல் ரிச்சர்ட் கார்ப் 21 சிக்கல்களைப் பட்டியலிட்டு, மூன்று உறுப்பு நிறைவுறுதன்மை உட்பட அவை அனைத்தும் இதே வகுப்பில் அடங்கும் என்று காட்டினார். அவற்றுள் ஒன்றுக்கு விரைவான வழி கிடைத்தால் எல்லாவற்றுக்கும் கிடைத்துவிடும். விரைவில் தீர்க்கக்கூடிய சிக்கல்களின் வகுப்பு பி, விடையை விரைவில் சரிபார்க்கக்கூடியவற்றின் வகுப்பு என்பி. இரண்டும் ஒன்றா என்று கேட்கும், கிளே கணித நிறுவனம் 2000 ஆம் ஆண்டில் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்த பி, என்பி சிக்கல் இதுதான்.

பிப்ரவரி 6

நேற்றைய குறிப்புக்கு ஓர் இணைப்பு. உட்கூற்றில் பிரிப்பிணைவுக்குப் பதிலாக ‘இவற்றுள் மெய்யானவை ஒற்றைப்படையில் இருக்க வேண்டும்’ என்ற நிபந்தனை வந்தால், உறுப்புகள் மூன்றாயினும் முப்பதாயினும் சிக்கல் எளிதாகவே இருக்கும். மெய்யை 1 என்றும் பொய்யை 0 என்றும் கொண்டால் அவை இரண்டின் மட்டில் எழுதிய நேரியல் சமன்பாடுகள். காஸ் நீக்கல் முறை போதும். ஆகவே மூன்று என்ற எண்ணில் மாயம் எதுவும் இல்லை, நிபந்தனையின் இயல்புதான் முடிவு செய்கிறது. எந்தெந்த வகை நிபந்தனைகள் எளிது, எவை கடினம் என்று ஷேஃபர் 1978 இல் முழுமையாகப் பிரித்துக் காட்டினார். அவர் ஆராய்ந்த வகைகளில் இடைப்பட்ட கடினம் எதுவும் இல்லை.

பிப்ரவரி 8

‘இவ்வளவு கடினம் என்றால், லட்சக்கணக்கான மாறிகளைக் கையாளும் சால்வர்கள் (நிறைவுறுதன்மையைத் தீர்க்கும் மென்பொருள்கள்) எப்படி இயங்குகின்றன?’ என்று கேட்டவருக்கு.

குக்கின் தேற்றம் மிக மோசமான கூற்றுகளைப் பற்றியது. மின்னணுச் சுற்றுகளைச் சரிபார்ப்பதிலும் மென்பொருளைச் சோதிப்பதிலும் எழும் கூற்றுகளில் ஒழுங்கு நிறைந்திருக்கிறது. அந்த ஒழுங்கைச் சால்வர் பயன்படுத்திக்கொள்கிறது. அடிப்படை முறை 1960 இல் டேவிஸும் பட்னமும் தொடங்கி, 1962 இல் டேவிஸ், லோகமன், லவ்லண்ட் ஆகியோர் திருத்தியமைத்தது. ஒரு மாறிக்கு மதிப்பு ஊகி, நான்காம் தேதிக் குறிப்பில் கண்ட கட்டாயச் சங்கிலியை முடிந்தவரை ஓட்டு, முரண் வந்தால் பின்வாங்கி மறு மதிப்பை எடு. மார்க்கஸ் சில்வாவும் சகல்லாவும் 1996 இல் செய்த சேர்க்கை இதை வேறு தளத்துக்கு உயர்த்தியது. முரண் வந்ததும் வெறுமனே பின்வாங்காமல், எந்த ஊகங்கள் கூடி அம்முரணை உண்டாக்கின என்று ஆராய்ந்து, அக்கூட்டைத் தடுக்கும் புதிய உட்கூற்று ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒரு முறை விழுந்த குழியில் அதே காரணத்தால் மறுபடி விழாமலிருக்க அது காவல் நிற்கும்.

கட்டாயச் சங்கிலியின் வலிமையை உணரச் சுடோக்கு நல்ல பயிற்சி. 81 கட்டங்கள், கட்டத்துக்கு 9 இலக்கங்கள், ஆக 729 மாறிகள். ஒவ்வொரு கட்டத்திலும் ஏதேனும் ஓர் இலக்கம் வேண்டும் என்பதற்கு 81 உட்கூற்றுகள். ஒரே கட்டத்தில் இரண்டு இலக்கங்கள் கூடாது என்பதற்கு 81 × 36 = 2,916. நிரை, நிரல், சிறுசதுரம் ஒவ்வொன்றிலும் ஓர் இலக்கம் இருமுறை வரக் கூடாது என்பதற்கும் தலா 2,916. மொத்தம் 11,745 உட்கூற்றுகள். 729 மாறிகளின் மெய் அட்டவணையை நினைத்துப் பார்க்கவே முடியாது. நான் எழுதிய மிக எளிய சால்வரே கண் இமைப்பதற்குள் விடை தந்துவிடுகிறது.

பிப்ரவரி 9

அதே சால்வரிடம் புறாக்கூண்டுச் சிக்கலைக் கொடுத்துப் பார்த்தபோதுதான் இதன் மறுபக்கம் எனக்குக் கண்கூடாகப் புரிந்தது. புறாக்கள் பதினொன்று, கூண்டுகள் பத்து. ஒவ்வொரு புறாவுக்கும் ஒரு கூண்டு வேண்டும், எந்தக் கூண்டிலும் இரண்டு புறாக்கள் கூடாது. 110 மாறிகள், 561 உட்கூற்றுகள், சுடோக்குவைவிட எவ்வளவோ சிறிது. நிறைவுறாது என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனால் புறாக்களை ஒவ்வொன்றாகக் கூட்டக் கூட்டச் சால்வர் எடுத்துக்கொண்ட நேரம் மளமளவென்று ஏறியது.

இது என் சால்வரின் தரத்தைப் பொறுத்த விஷயம் அன்று. மூன்றாம் தேதி எழுப்பிய கேள்வி இங்கே முழு வடிவில் வந்து நிற்கிறது. நிறைவுறாமைக்குச் சான்று தரும் முறைகளில் மிக எளியது, ராபின்சன் 1965 இல் முன்வைத்த ரெசல்யூஷன். ஓர் உட்கூற்றில் க வும் மற்றொன்றில் ¬க வும் இருந்தால், அவ்விரண்டையும் நீக்கி மீதியைச் சேர்த்துப் புதிய உட்கூற்று எழுதலாம். ஐந்தாம் தேதிக் கூற்றில் முதலிரண்டிலிருந்து (ச), பின்னிரண்டிலிருந்து (¬ச), அவை இரண்டிலிருந்து வெற்று உட்கூற்று. மூன்றே படிகளில் முரண் நிறுவப்பட்டது. நான் சொன்ன சால்வர் முறைகள் எல்லாம், ‘நிறைவுறாது’ என்று விடை தரும்போது, உள்ளுக்குள் ஒரு ரெசல்யூஷன் சான்றையே கட்டுகின்றன. புறாக்கூண்டுக் கூற்றுக்கு எந்த ரெசல்யூஷன் சான்றும் அடுக்குக்குறி வேகத்தில் நீண்டே தீரும் என்று ஹேக்கன் 1985 இல் நிறுவினார். எண்ணத் தெரிந்தவருக்கு ஒரு வரியில் முடிவது, எண்ணிக்கை என்ற கருத்தே இல்லாத முறைக்கு மலையாகிறது.

வேறு வலிமையான சான்றுமுறை ஏதேனும் நிறைவுறாத எல்லாக் கூற்றுகளுக்கும் குறுகிய சான்று தருமா? தெரியவில்லை, அப்படி ஒன்றும் கிடையாது என்று நிறுவினாலே பி, என்பி இரண்டும் வேறு என்பதும் நிறுவப்பட்டுவிடும்.

பிப்ரவரி 9, பின்னிரவு

சான்றின் நீளத்துக்கு ஓர் உண்மை உதாரணம். 1 முதல் ஓர் எல்லைவரையுள்ள முழு எண்களுக்கு இரண்டு நிறங்கள் பூச வேண்டும். பிதாகரஸ் மும்மை (3, 4, 5 போல, இரண்டின் வர்க்கங்களின் கூடுதல் மூன்றாவதன் வர்க்கமாகும் மூன்று எண்கள்) எதுவும் ஒரே நிறத்தில் அமையக் கூடாது. இதை நிறைவுறுதன்மைச் சிக்கலாக எழுதி ஹுயெலே, குல்மன், மாரெக் மூவரும் 2016 இல் தீர்த்தனர். 7,824 வரை பூசலாம், 7,825 வரை பூச முடியாது. முடியும் என்பதற்கு நிறங்களின் பட்டியலே சாட்சி, ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். முடியாது என்பதற்கான சான்று சுமார் 200 டெராபைட்.

பிப்ரவரி 11

புறாக்கூண்டைக் கையால் செய்து காட்டும்படி முதல் வாசகர் கேட்டிருக்கிறார். மூன்று புறாக்கள், இரண்டு கூண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். க₁ என்பது க என்ற புறா முதல் கூண்டில் இருக்கிறது என்பதைக் குறிக்கட்டும், மற்றவையும் அவ்வாறே. உட்கூற்றுகள் ஒன்பது: (க₁ ∨ க₂), (ச₁ ∨ ச₂), (ட₁ ∨ ட₂), முதல் கூண்டுக்கு (¬க₁ ∨ ¬ச₁), (¬க₁ ∨ ¬ட₁), (¬ச₁ ∨ ¬ட₁), இரண்டாவதற்கும் இதே மூன்று.

க₁ மெய் என்று ஊகித்தால் ச₁, ட₁ இரண்டும் பொய். ஆகவே ச₂, ட₂ இரண்டும் மெய். இது (¬ச₂ ∨ ¬ட₂) உடன் முரண்படுகிறது. க₁ பொய் என்றால் க₂ மெய், அதனால் ச₂, ட₂ பொய், ச₁, ட₁ மெய், மறுபடியும் முரண். 64 நிரைகளுக்குப் பதிலாக இரண்டு கிளைகள். நான்கு புறாக்களும் மூன்று கூண்டுகளும் என்றால், முதல் புறாவுக்கு மூன்று தெரிவுகள். ஒவ்வொன்றின் கீழும் மேலே தீர்த்த சிக்கலே மிஞ்சுவதால் ஆறு கிளைகள். இப்படியே போனால் பதினொரு புறாக்களுக்கு 36,28,800 கிளைகள் ஆகின்றன.

இந்தப் பெருக்கத்திலிருந்து தப்பும் வழியைக் குக் 1976 இல் காட்டினார். ரெசல்யூஷனுடன், ட்சைட்டின் முறைப்படி புதிய மாறிகளை வரையறுத்துக்கொள்ளவும் அனுமதிக்க வேண்டும். கடைசிப் புறாவையும் கடைசிக் கூண்டையும் நீக்கி எஞ்சியவற்றைப் புதிதாக அமர்த்துவதே உத்தி: ஒரு புறா குறிப்பிட்ட கூண்டில் ஏற்கெனவே இருந்தாலும், அல்லது அது கடைசிக் கூண்டில் இருந்து, கடைசிப் புறா அந்தக் குறிப்பிட்ட கூண்டில் இருந்தாலும், புதிய மாறி மெய். இந்தப் புதிய மாறிகள் ஒரு புறாவும் ஒரு கூண்டும் குறைந்த அதே சிக்கலின் நிபந்தனைகளை நிறைவு செய்கின்றன என்பதை ரெசல்யூஷனால் நிறுவ ஒவ்வொரு கட்டத்திலும் அளவான எண்ணிக்கையிலான படிகளே தேவைப்படுகின்றன. அவற்றைக் கூட்டினால் முழுச் சான்றின் நீளம் புறாக்களின் எண்ணிக்கையில் அமைந்த ஒரு பல்லுறுப்புக்கோவையைத் தாண்டுவதில்லை. மூன்று புறாக்களுக்குப் புதிய மாறிகள் இரண்டே: ஒன்று க₁ ∨ (க₂ ∧ ட₁), மற்றொன்று ச₁ ∨ (ச₂ ∧ ட₁). இரண்டும் மெய்யாகியே தீரும் என்றும், இரண்டும் சேர்ந்து மெய்யாக முடியாது என்றும் மேலே உள்ள ஒன்பது உட்கூற்றுகளிலிருந்து வருவித்துப் பாருங்கள்.